வார்டில் படுத்திருப்பவருக்கு எந்த இன்சுலின் திட்டம்?

காலில் சீழ் வைத்து, முழங்கால் வரை சிவந்து வீங்கிப்போய் வந்தார் அந்தப் பெரியவர். வயது 62, எடை 60 கிலோ. சர்க்கரை நோய்க்கு வீட்டில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் அப்போது ஜூனியர். எல்லோரும் எழுதுவதையே நானும் கேஸ் ஷீட்டில் எழுதினேன்: மாத்திரைகளை நிறுத்தவும், சி.பி.ஜி. (விரலைக் குத்திப் பார்க்கும் சுகர்) பார்த்து ஸ்லைடிங் ஸ்கேல்படி (இந்த எண்ணுக்கு இத்தனை யூனிட் என்ற அட்டவணைப்படி) பிளெயின் இன்சுலின் (சாதாரண குறுகியநேர இன்சுலின்) போடவும். முதல் நாள் காலை சுகர் 268, மதியம் 241, இரவு பத்து மணிக்கு 312. ஸ்கேல் பத்து யூனிட் என்றது. போடச் சொன்னேன்.

விடிகாலை மூன்று மணிக்கு சிஸ்டர் வந்து எழுப்பினார். பெரியவருக்கு வேர்த்துக் கொட்டிச் சட்டை நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுகர் 48. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். ஆறரை மணிக்குப் பார்த்தால் 290. ஸ்கேலைப் பார்த்து மறுபடியும் எட்டு யூனிட். பூனையும் எலியுமாக ஒரே நாளில் ஒரு சுற்று முடிந்திருந்தது.

ஐ.சி.யூ.வில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே இன்சுலின் ட்ரிப்ஸில் ஓடும், மணிக்கொருமுறை சுகர் பார்ப்பார்கள். பொது வார்டில்தான் சிக்கல். நோயாளி வாயால் சாப்பிடுகிறார், ஆனால் எவ்வளவு சாப்பிடுவார் என்று அவருக்கே தெரியாது. நோய்த்தொற்றோ ஸ்டீராய்டோ சுகரை ஏற்றிவிடும், பசியின்மை இறக்கிவிடும். ஒரு நாளைக்கு நான்கு முறைதான் விரலைக் குத்திப் பார்க்கிறோம். இந்த நிலையில் நம் கையில் இருக்கும் வழிகள் என்னென்ன, யாருக்கு எது பொருந்தும் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் அளவுகள் ஒரு டாக்டர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்று காட்டத்தான். வீட்டில் உட்கார்ந்து யாரும் இதை வைத்து ஊசியின் அளவை மாற்ற வேண்டாம்.

எந்த எண்ணுக்குக் குறி வைப்பது?

இரண்டு முறை பார்த்தும் 180-க்கு மேலேயே நின்றால் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் 140-க்கும் 180-க்கும் இடையில் வைத்திருந்தால் போதும். லோ சுகர் வராமல் இருக்குமானால் 100 வரை இறங்கலாம். "110-க்குள்ள வரலையே டாக்டர்" என்று உறவினர்கள் கவலைப்படுவார்கள். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை ஐ.சி.யூ. நோயாளிகள் 6104 பேரிடம் பார்த்துவிட்டார்கள். 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், சுகரை 81-க்கும் 108-க்கும் இடையில் இறுக்கிய குழுவில் 27.5 சதவீதம் பேரும், 180-க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். அது ஐ.சி.யூ. கணக்குதான். ஆனாலும் வார்டில் யாரும் இப்போது 110-ஐத் துரத்துவதில்லை.

ஸ்லைடிங் ஸ்கேல்

150 முதல் 200 வரை நான்கு யூனிட், 250 வரை ஆறு, 300 வரை எட்டு, அதற்கு மேல் பத்து. இப்படி ஒரு சிறு அட்டவணை. டியூட்டி மாறும்போது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. எண்ணைப் பார், ஊசியைப் போடு. இது இன்னும் சாகாமல் இருப்பதற்கு அந்த எளிமைதான் காரணம். முன்பு சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் காய்ச்சி நீலமா, பச்சையா, செங்கல் நிறமா என்று பார்த்து இன்சுலின் போட்டார்கள். அதன் பேரன்தான் இது.

இதன் கோளாறு அடிப்படையிலேயே இருக்கிறது. சுகர் ஏறியபிறகுதான் இது விழித்துக்கொள்கிறது. இப்போதைய 268 என்பது போன வேளை நடந்ததன் விளைவு. அதற்கு இப்போது ஊசி போடுகிறோம். அடுத்து வரப்போகும் மூன்று இட்லிக்கு அதில் கணக்கே இல்லை. சுகர் 145 என்றால் ஊசியே கிடையாது. சாப்பிட்டபின் 260 ஆகும், அப்போது மறுபடி ஓட்டம். சாப்பாடு இல்லாத நேரத்திலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கவும் இதில் ஆள் இல்லை.

இரவு பத்து மணி ஊசி வேறு விதமான ஆபத்து. பிளெயின் இன்சுலின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை வேலை செய்யும். பத்து மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில். வார்டே தூங்கும் நேரம். நான்கு மணிக்கொருமுறை போட்டாலோ, முந்தைய ஊசி தீருமுன் அடுத்தது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் பெரியவருக்கு நடந்தது முதல் வகை. அந்த 312-க்குக் காரணம் ஒன்பது மணிக்கு யாரோ கொண்டுவந்த பிஸ்கட் என்பது மறுநாள்தான் தெரிந்தது. பிஸ்கட் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிட்டது, பத்து யூனிட் கரையவில்லை.

இதற்கும் ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இதுவரை சர்க்கரை நோயே இல்லாதவர், அல்லது உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்து வந்தவர், சுகர் பெரும்பாலும் 180-க்குள் இருக்கிறது, ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார் என்றால் தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் போட்டுக்கொள்வது தவறில்லை. 250, 300 என்று வருபவருக்கு இதை மட்டும் நம்புவதுதான் தவறு. டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) நோயாளிக்கு இதை மட்டும் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

பேசல்-போலஸ்

இதில் இன்சுலினுக்கு மூன்று வேலைகள் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலின் ஒருமுறை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அடித்தளமாக ஏறத்தாழ 24 மணி நேரம் நிற்கும், இதுதான் பேசல். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் விரைவாக வேலை செய்யும் ஊசி ஒன்று, இதுதான் போலஸ். சாப்பாட்டுக்கு முன் சுகர் கூடுதலாக இருந்தால், அந்த ஊசியோடு இரண்டு மூன்று யூனிட் சேர்த்துத் திருத்திக்கொள்வது மூன்றாவது வேலை. பழைய ஸ்கேல் இங்கே துணைக்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் கில்லெர்மோ உம்பியெர்ரெஸ் குழு 2007-இல் வெளியிட்ட ராபிட் 2 ஆய்வுதான் இதற்குப் பெரிய ஆதாரம். அதுவரை இன்சுலின் போட்டுக்கொள்ளாத டைப் 2 நோயாளிகள் 130 பேர், எல்லோரும் பொது வார்டில் இருந்தவர்கள். சுகர் 140-க்குக் கீழே வந்தவர்கள் பேசல்-போலஸில் 66 சதவீதம், ஸ்லைடிங் ஸ்கேலில் 38 சதவீதம். ஸ்கேலில் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் 14 சதவீதம் பேர் 240-க்கு மேலேயே நின்றார்கள். 2011-இல் அறுவை சிகிச்சை நோயாளிகள் 211 பேரிடம் அதே ஒப்பீட்டைச் செய்தார்கள். புண்ணில் தொற்று, நிமோனியா, சிறுநீரகப் பாதிப்பு போன்ற சிக்கல்கள் எல்லாம் சேர்த்து ஸ்கேல் குழுவில் 24.3 சதவீதம், பேசல்-போலஸ் குழுவில் 8.6 சதவீதம்.

இங்கேயே நிறுத்திவிட்டால் முடிவு சுலபம். அதே 2011 ஆய்வில் சுகர் 70-க்குக் கீழே இறங்கியவர்கள் ஸ்கேலில் 4.7 சதவீதம், பேசல்-போலஸில் 23.1 சதவீதம். நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. கருத்தரங்கு ஸ்லைடுகளில் இந்த இரண்டாவது எண் கொஞ்சம் சின்ன எழுத்தில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என் பெரியவருக்கு மறுநாள் ரவுண்ட்ஸில் சீனியர் போட்ட கணக்கு இது. எடை 60 கிலோ, கிலோவுக்கு 0.4 யூனிட், ஆக ஒரு நாளைக்கு 24. அதில் பாதி, 12 யூனிட், இரவில் கிளார்ஜின். மீதி 12-ஐ மூன்று வேளைக்கும் 4-4-4. சுகர் 200-க்கு மேல் இருந்தால் ராபிட் 2 ஆய்வில் 0.5 என்று தொடங்கினார்கள். முந்தின இரவு 48-க்குப் போனவருக்கு அது வேண்டாம் என்றார் சீனியர். எழுபது தாண்டியவர்கள், கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் ரத்த அளவு) ஏறியவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள் என்றால் 0.2 அல்லது 0.3 போதும். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும்.

அப்புறம் தினமும் காலையில் அந்த எண்களைப் பார்த்து மாற்ற வேண்டும். வெறும் வயிற்றில் 180-க்கு மேல் என்றால் கிளார்ஜினைப் பத்து இருபது சதவீதம் கூட்டுவது, 100-க்குக் கீழே வந்தால் அதே அளவு குறைப்பது. எழுதிப்போட்டுவிட்டு நான்கு நாள் திரும்பிப் பார்க்காத பேசல்-போலஸ், ஸ்கேலைவிட மோசம்.

காலை டிபன் எப்போது வரும்?

இந்தத் திட்டம் வெற்றி பெறுவதும் தோற்பதும் சாப்பாட்டு வண்டியின் கையில் இருக்கிறது. பெரியவரின் மனைவி விடிகாலை ஐந்து மணிக்கே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவார். ஆறரைக்குப் பார்க்கும் "வெறும் வயிற்று" சுகருக்குள் ஏற்கனவே ஒரு டம்ளர் காபி இருக்கும். நைட் டியூட்டி முடியுமுன் வேலையை முடிக்க வேண்டுமே என்று சிஸ்டர் ஆறரைக்கே ஊசியையும் போட்டுவிடுவார். நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர், அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? டிபன் எட்டேகாலுக்கு வரும். பிளெயின் என்றால் அரை மணி முன்பு போட வேண்டும். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ மாதிரி வேக இன்சுலின் என்றால் தட்டு கையில் வந்தபிறகே போடலாம். ஆறரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டுக்குமே பொருந்தாது.

அதனால் உறவினரிடம் நான் இப்போதெல்லாம் மூன்று விஷயம் சொல்கிறேன். சுகர் பார்க்கும்வரை காபி வேண்டாம். சாப்பாடு வந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஒரு இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டால் அதையும் சொல்லுங்கள். எவ்வளவு சாப்பிடுவார் என்று நிச்சயமில்லாதவருக்கு வேக இன்சுலினைச் சாப்பிட்டு முடித்த கையோடு போட்டு, பாதி சாப்பிட்டிருந்தால் பாதி அளவு போடுவது நல்ல பழக்கம். ஹார்லிக்ஸ், இளநீர், ஆரஞ்சு ஜூஸ் எது உள்ளே போனாலும் கணக்கில் வர வேண்டும். ஜூஸ் பிழிந்த கையைக் கழுவாமல் அந்த விரலையே குத்திப் பார்த்து 380 என்று பதறிய கதையும் உண்டு. கழுவித் துடைத்துப் பார்த்தால் 170.

ட்ரிப்ஸையும் பாருங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஒரு பக்கம் அதை ஓடவிட்டு, மறுபக்கம் இன்சுலினைக் கூட்டிக்கொண்டிருப்பதை எத்தனையோ கேஸ் ஷீட்டில் பார்த்தாயிற்று.

பேசல் பிளஸ்: என் கட்சி

ஒரு நாளைக்கு நான்கு ஊசி, அதுவும் நேரம் தவறாமல், என்பது நம் வார்டில் நடக்காத காரியம் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. கிளார்ஜின் ஒருமுறை, சாப்பாட்டு ஊசியை நிரந்தரமாக எழுதாமல், சுகர் கூடியிருந்தால் மட்டும் சாப்பாட்டுக்கு முன் திருத்த ஊசி. 2013-இல் 375 பேரிடம் இதைப் பேசல்-போலஸோடு ஒப்பிட்டார்கள். சுகர் கட்டுப்பாடு கிட்டத்தட்ட ஒன்றுதான். திட்டமே கைகொடுக்காமல் மாற்ற வேண்டி வந்தவர்கள் பேசல்-போலஸில் யாருமில்லை, பேசல் பிளஸில் 2 சதவீதம், வெறும் ஸ்கேலில் 19 சதவீதம். லோ சுகர் பேசல்-போலஸில் 16, பேசல் பிளஸில் 13 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஊசி குறைவு. சாப்பிடாத வேளையில் போட்டுத் தொலைக்கும் ஆபத்தும் குறைவு.

பசி நிலையில்லாதவர், வாந்தி உள்ளவர், நாளை ஆபரேஷன் என்று வெறும் வயிற்றில் வைக்கப்பட்டவர், தனியாகப் படுத்திருக்கும் முதியவர் என்று வார்டில் பாதிப்பேருக்கு நான் இதில்தான் தொடங்குகிறேன். இரண்டு நாள் போய், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, மதியமும் இரவும் சுகர் ஏறினால் சாப்பாட்டு ஊசியைச் சேர்த்துக்கொள்ளலாம். வந்த அன்றே 350, வீட்டிலேயே இன்சுலின் போட்டவர், நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் நேராகப் பேசல்-போலஸ். டைப் 1 என்றால் பேச்சே இல்லை, பேசல்-போலஸ்தான். சாப்பாடே இல்லாத நாளிலும் அவருக்குப் பேசல் நிற்கக் கூடாது, நின்றால் ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறிவிடும்.

கிளார்ஜின் வாங்க முடியாது என்பார்கள். பிளெயினும், என்.பி.எச். என்ற நடுத்தர நேர இன்சுலினும் வைத்தே இதே தத்துவத்தில் போடலாம். புதிய ரக இன்சுலினையும் இந்தப் பழைய ஜோடியையும் 2009-இல் வார்டு நோயாளிகள் 130 பேரிடம் ஒப்பிட்டபோது சுகர் கட்டுப்பாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. முக்கியம் திட்டம், மருந்தின் விலை அதற்கு அப்புறம்தான்.

மிக்ஸ் ஊசி

குறுகியநேர இன்சுலினையும் நடுத்தர நேர இன்சுலினையும் முன்கூட்டியே கலந்த 30/70 ஊசி நம்மூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. காலை மாலை இரண்டே ஊசி, விலையும் குறைவு. நேரத்துக்குச் சாப்பிடும் வீட்டில் நன்றாகவே வேலை செய்யும். வார்டில் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கான இன்சுலின் காலையிலேயே உள்ளே போய்விடுகிறது. பதினோரு மணிக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போய் மூன்று மணிக்குத் திருப்பி அனுப்பினால் அந்த ஊசியை யார் திரும்ப எடுப்பது? ஸ்பெயினில் 72 பேரிடம் இதைப் பேசல்-போலஸோடு ஒப்பிட்டதில் லோ சுகர் மிக்ஸில் 64, பேசல்-போலஸில் 24 சதவீதம் என்று போய், ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

மாத்திரையே தொடரலாமா?

"இத்தனை வருஷம் மாத்திரைலதானே இருந்தாரு" என்பது நியாயமான கேள்வி. மாத்திரைக்கு மாத்திரை பதில் வேறு.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை வேண்டாம். அரை இட்லி சாப்பிட்டாலும் சுகரை இறக்கும், சிறுநீரகம் பலவீனம் என்றால் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். மெட்ஃபார்மின், உடல்நிலை நிலையாக இருந்து சிறுநீரகமும் நன்றாக இருந்தால் பாதகமில்லை. கடும் தொற்று, மூச்சுத்திணறல், சி.டி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றப்போவது இவற்றிலெல்லாம் நிறுத்திவிடுவதே நல்லது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் வகையில்தான் நான் மிகவும் எச்சரிக்கை. சாப்பிடாமல் கிடக்கும்போது அதைத் தொடர்ந்தால், சுகர் 190 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். வாந்தி, மேல்மூச்சு என்று வந்தபிறகும் "சுகர் நார்மல்தானே" என்று ஏமாந்துபோவோம். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டு மருந்துச் சீட்டைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

கிளிப்டின் வகை மட்டும் வார்டில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. 2017-இல் வந்த ஆய்வில் சிட்டாகிளிப்டினும் ஒரு கிளார்ஜின் ஊசியும் சேர்ந்து முழுப் பேசல்-போலஸுக்கு ஈடாக நின்றன. சராசரி சுகர் 171, 169. மூன்று சாப்பாட்டு ஊசிக்குப் பதில் ஒரு மாத்திரை. லேசான சுகர், முதியவர் என்றால் நான் இதை இப்போது அடிக்கடி எழுதுகிறேன். சிறுநீரகம் சரியில்லை என்றால் சிட்டாகிளிப்டின் அளவைக் குறைக்க வேண்டும், லினாகிளிப்டினுக்கு அது தேவையில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு சாக்ஸாகிளிப்டின் கூடாது.

ஸ்டீராய்டு போடுபவரின் கதை தனி. காலையில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவருக்கு விடிகாலை சுகர் 120, மாலை 340 என்று இருக்கும். காலை எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்; மாலை எண்ணைப் பார்த்து இரவு கிளார்ஜினைக் கூட்டுபவர் விடிகாலையில் லோ சுகரைப் பார்ப்பார். அந்த மாத்திரையோடு காலையில் என்.பி.எச். போட்டால் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்.

இனி சிரிஞ்ச். திட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இங்கே கவிழும். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். பேனா உடைந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசியைப் பயன்படுத்தும்போதெல்லாம் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பெரியவருக்கு நான்காம் நாள் காலை சுகர் 152, மதியம் 174. கிளார்ஜின் 14-க்கு ஏறியிருந்தது. காலில் சீழ் எடுத்த புண் சுத்தமாகிக்கொண்டு வந்தது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை) 9.2 என்று வந்திருந்ததால், மாத்திரைகளோடு இரவு ஒரு கிளார்ஜினும் வீட்டுக்கு எழுதினார் சீனியர். "வீட்லயும் ஊசியா தம்பி?" என்று அந்த அம்மா முகம் சுளித்தார். டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டர் வெறும் தண்ணீரை வைத்து அவருக்குச் சிரிஞ்சில் இழுக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது முறை கோடு சரியாக 14-இல் நின்றது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "பிஸ்கட்டை நான் கொண்டு வரச் சொல்லலை, அவனாத்தான் கொண்டாந்தான்" என்றார்.